வலது பக்கக் கதவு

தவளைக் கார் ஆறாவது தடவையாகச் சங்குமேட்டு வீதிக்கு வந்த வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, எட்டு நாள் கழித்து அப்போதுதான் சிறுவாணித் தண்ணீர் வந்திருந்தது. அதனால் குழாயடியில் நின்ற பெண்கள், ஸ்டீயரிங் பிடிக்க ஆளில்லாமல் கிழக்கேயிருந்து மெதுவாக உருண்டு வந்த அந்தப் பச்சைக் காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குடங்களைக் காலால் இரண்டு பக்கமும் ஒதுக்கி வழிவிட்டு, அது தாண்டிப் போனதும் பழையபடி வரிசையில் வைத்துக்கொண்டார்கள். "மறுபடி வித்துப்போட்டாங்களாட்ட இருக்குது" என்றாள் ஒருத்தி. "எந்தப் புண்ணியவான் வாங்கினானோ" என்றாள் இன்னொருத்தி. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அந்தக் கார் கைமாறும் ஒவ்வொரு தடவையும், பத்திரத்தில் போட்ட கையெழுத்துக் காய்வதற்குள், எந்த ஊரில் எந்தப் பூட்டுக்குள் இருந்தாலும் கிளம்பி, பெட்ரோல் போடாமல், வழி கேட்காமல், கோயம்புத்தூரின் கிழக்கு ஓரத்தில் மில் தொழிலாளிகளுக்குக் கட்டிய இந்த லைன் வீடுகளுக்கு நடுவே வந்து, வடக்கு வரிசையில் ஏழாவது வீட்டு வாசலில் நிற்கும். நின்றதும் அந்த வீட்டைப் பார்த்த வலது பக்கக் கதவு தானாகத் திறக்கும். யாரும் இறங்க மாட்டார்கள். இடது பக்கக் கதவு எதிர்வரிசை வீட்டைப் பார்த்தபடி மூடியே இருக்கும். பிறகு வாங்கினவர் இரண்டு நாளிலோ நான்கு நாளிலோ தேடி வந்து சாவி போட்டு ஓட்டிப்போவார். அடுத்த விற்பனை வரைக்கும் அது பரம சாது.

ஏழாவது வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கும் தெய்வானைக்கு வயது ஐம்பத்தெட்டு. கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையில் மாவு வழிய வெளியே வந்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஐந்து தடவையும் உதைத்த இடம்தான், கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே.

"தெய்வானக்கா, கால் போயிரப் போகுது" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"போனாப் போகுது போ. கொன்னுபோட்டு வாசல்ல வந்து கதவத் தொறந்துட்டு நிக்கறதுக்கு இதுக்கு மட்டும் வெக்கமில்ல."

எதிர்வரிசையில் ஆறுச்சாமி வெளியே வந்து, காரின் இடது பக்கத்தைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு உள்ளே போனான். அவனும் ஐந்து தடவை துப்பியிருக்கிறான். காரைப் பார்த்துத் துப்புகிறானா, காருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவளைப் பார்த்துத் துப்புகிறானா என்று அவள் கேட்டதில்லை. நாற்பத்தேழு வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காரணம் வீதிக்கே தெரியும். இத்தாலியில் ஏதோ ஓர் ஊரில் பதினேழே பதினேழு வண்டி கட்டிவிட்டுப் பட்டறையை மூடிவிட்டார்களாம். அதில் ஒன்றைப் பம்பாயில் துணைத்தூதரகத்து வேலையிலிருந்த ஒரு வெள்ளைக்காரன் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விட்டுப்போக, எழுபத்துநாலாம் வருஷம் சௌந்தரவிலாஸ் மில் முதலாளி அதைத் தன் மகன் இந்திரஜித்துக்காக வாங்கி வந்தார். தரையோடு ஒட்டிய உடம்பும் நெற்றியில் முட்டிய இரண்டு விளக்குமாகப் பச்சையாக இருந்ததால் தவளைக் கார் என்று பெயராயிற்று. அந்நிய நாட்டு வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். மகனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழக்கமில்லை என்று, மில்லில் இருபது வருஷம் டிரைவராக இருந்த மருதாசலத்தை அவனோடு கூடப் போகச் சொல்லியிருந்தார்கள்.

எழுபத்தைந்து ஜூன் மாதம் காலையில், ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்கு மில்லுக்கு ஓடிக்கொண்டிருந்த ராமாத்தாள் மேல் அந்தக் கார் ஏறியது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகன், அவன்தான் ஆறுச்சாமி. நான்தான் ஓட்டினேன் என்று மருதாசலம் போலீஸில் சொன்னார், கோர்ட்டிலும் சொன்னார், ஒன்றரை வருஷம் ஜெயிலில் இருந்தார். அவருடைய மகள்தான் தெய்வானை. அப்போது பதினொரு வயது.

பெரிய முதலாளிக்கு இளகிய மனசு. செத்தவள் வீட்டுக்கு ஒரு லைன் வீடு கொடுத்தார், ஜெயிலுக்குப் போனவன் வீட்டுக்கு ஒரு லைன் வீடு கொடுத்தார். காலியாக இருந்தது சங்குமேட்டு வீதியில் இரண்டே வீடு, ஒன்று தெற்கு வரிசை, ஒன்று வடக்கு வரிசை, நேர் எதிர். சாவியைக் கொடுத்து அனுப்பிய கணக்குப்பிள்ளைக்கோ கொடுக்கச் சொன்ன முதலாளிக்கோ இது ஒரு விஷயமாகவே படவில்லை. பெரிய மனிதர்கள் தர்மம் செய்யும்போது கீழே யார் நிற்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பதில்லை. அப்படியாக, அம்மாவைக் கொன்றவன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்து வளர்ந்தான் ஆறுச்சாமி. அவன் பல் தேய்ப்பதைப் பார்க்காமல் வாசல் பெருக்க முடியாமல் வளர்ந்தாள் தெய்வானை.

ஜெயிலிலிருந்து வந்த மருதாசலம் அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. மில் குடோனில் மூட்டை அடுக்கினார். தண்ணீர் வரும் நாளில் முதல் ஆளாக வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்து, எதிர்வீட்டு வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். ராமாத்தாளின் அக்கா, ஆறுச்சாமியை வளர்த்தவள், வெளியே வந்து இரண்டு குடத்தையும் சாக்கடையில் கவிழ்த்து, காலிக் குடங்களை வீதி நடுவில் உருட்டி விடுவாள். அவர் போய்ப் பொறுக்கி வருவார். அடுத்த முறையும் வைப்பார். சிறுவாணித் தண்ணீருக்கு ஊரே அடித்துக்கொண்ட கோடையிலும் வைத்தார், அவளும் கவிழ்த்தாள். பன்னிரண்டு வருஷம். கவிழ்க்க அந்தப் பெரியம்மாவுக்கு முடியாமல் போனதும் ஆறுச்சாமி கவிழ்த்தான். தெய்வானைக்கு அப்பன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. கொன்றாயானால் கொன்றேன் என்று சொல்லி அழு, இல்லையானால் சும்மா இரு, எதற்கு இந்தக் குடம் என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பமும் வீதி முனை டீக்கடையில் விசாரித்துவிட்டு அங்கிருந்தே திரும்பிப் போன பிறகு, அவள் அவரிடம் சோறு போடுவதற்கு மட்டுமே பேசினாள்.

கார் முதல் தடவை வந்தது எழுபத்தாறில், அவர் ஜெயிலில் இருந்தபோது, மில்காரர்கள் அதை மதராஸில் ஒரு சினிமா விநியோகஸ்தருக்கு விற்ற அன்று. அன்றைக்குத்தான் வீதி கொஞ்சம் பயந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. விநியோகஸ்தர் வந்து டீ குடித்துவிட்டு ஓட்டிப்போனார். எண்பத்தொன்றில் குன்னூர் டீ எஸ்டேட்காரர் வாங்கினபோது இரண்டாம் தடவை வந்தது. அன்று மருதாசலம் வெளியே வந்து, திறந்த கதவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துகிற மாதிரி மெல்லச் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் படுத்த பிறகு தெய்வானை போய்க் கதவைத் திறந்து, திரும்ப உதைத்துச் சாத்தினாள்.

அதற்குள் வீதிக்குப் பழகிவிட்டது. கார் வந்து நின்ற நாளில் நிச்சயம் பண்ணின கல்யாணம் இரண்டு நன்றாக அமைந்ததால், பெண் வைத்திருந்தவர்கள் அது எப்போது விற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயுதபூஜைக்கு அது இல்லாத இடத்திலும் கோலம் போட்டு ஒரு பொட்டு வைத்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் எண்பத்தெட்டில் வாங்கி, ஒரு வாரம் எடுக்க வராதபோது அதன் தட்டையான முதுகில் மிளகாயும் கூழ்வடகமும் காய்ந்தன. தொண்ணூற்றைந்தில் திருச்சூர் நகைக்கடைக்காரரும், இரண்டாயிரத்து நாலில் ஹைதராபாத் பில்டரும் வாங்கினார்கள். திருச்சூரிலிருந்து கிளம்பி வந்த தடவை, கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். கார் எதற்கு வருகிறது என்பதற்கு வீதியில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. மன்னிப்புக் கேட்க வருகிறது என்றார்கள் சிலர். பழைய எஜமானைத் தேடி மாடு வருகிற மாதிரி டிரைவரைத் தேடி வருகிறது என்றார்கள் மற்றவர்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாவு அரைத்த தெய்வானைக்கு வயிறு எரிந்தது. கொலை செய்த வண்டிக்குப் பொட்டு வைக்கிறார்கள், கொலைகாரன் மகள் என்று அவளுக்கு மட்டும் ஒதுங்கிப் போகிறார்கள்.

எண்பத்தெட்டில் வந்தபோது நடந்த ஒன்றை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது மருதாசலம் நோயில் கிடந்தார். கார் வந்த சத்தம் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, திறந்த வலது பக்கக் கதவு வழியாக உள்ளே ஏறி, வலது இருக்கையில், இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங் பக்கம் நகரவே இல்லை. பயம் போகலை பாருங்க, டிரைவருக்கு டிரைவர் சீட்டில உட்காரக் கூட தைரியமில்லை என்றார்கள். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

ஆறாவது தடவை கார் வந்த இரண்டாம் நாள், குழாயில் தண்ணீர் இன்னும் நிற்காதபோது, வாங்கின பம்பாய் பணக்காரருக்குப் பதிலாக, சென்னையிலிருந்து நிரஞ்சனா என்ற பெண் ஒரு பெரிய கோப்போடு வந்தாள். பழைய கார்களுக்கு உரிமையாளர் வரலாறு எழுதுவது அவள் வேலை. யார் வாங்கினார், யார் விற்றார், எங்கே அடிபட்டது, எந்த ஆணியை மாற்றினார்கள் என்று ஆதியிலிருந்து எழுதிக் கொடுத்தால்தான் இந்த மாதிரி வண்டியை வாங்குகிறவர்களுக்கு மனசு நிறையுமாம்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றாள். "மில்லுக்குப் பிறகு அஞ்சு ஓனர். அஞ்சு பேரும் வலது பக்கக் கதவுல ஒடுக்கு எடுத்த பில்லு வெச்சிருக்காங்க. ஒரே இடம். எப்படின்னு யாருக்கும் தெரியல. இந்த வீதியில கேட்டா உங்களைக் காட்டறாங்க."

"நாந்தான் உதைச்சேன். எழுதிக்க."

"ஏன்னு கேக்கலாமா?"

"என்ற அப்பன் இதுல ஒருத்தியக் கொன்னுபோட்டு ஜெயிலுக்குப் போனாரு. உன்ற புஸ்தகத்துல அது இல்லியா?"

நிரஞ்சனா கோப்பைப் புரட்டினாள். மில்காரர்கள் முதல் விற்பனையில் காகிதங்களைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இறக்குமதிச் சீட்டு, வரி ரசீது, அவற்றுக்கு நடுவே யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு கோர்ட் தீர்ப்பின் நகல். "இருக்கு. ஆனா பழைய விவரம், இதை வரலாற்றுல சேர்க்க வேண்டாம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க."

"படி" என்றாள் தெய்வானை. "என்ற அப்பன் என்ன பண்ணுனாருன்னு ஒருநாளும் நான் முழுசாக் கேட்டதில்ல. படி கண்ணு."

நிரஞ்சனா படித்தாள். டீக்கடைக்காரர் ஒருவரின் சாட்சியம். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாகவும், காரை ஓட்டிவந்த மருதாசலம் என்பவர் வலது பக்கக் கதவைத் திறந்து இறங்கி ஓடிவந்து, கீழே கிடந்த பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர், தண்ணீர் என்று கேட்டதாகவும், கூட்டத்தில் யாரும் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அந்தப் பெண் இறந்துவிட்டதாகவும் அதில் இருந்தது. வலது பக்கக் கதவு வழியாக அவர் இறங்கியதை நேரில் கண்ட சாட்சி இருப்பதால் காரை ஓட்டியவர் அவரே என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணம் ஆகிறது என்று நீதிபதி எழுதியிருந்தார். காரில் வேறு யாரும் இல்லை என்று மில் நிர்வாகம் கடிதம் கொடுத்திருந்தது.

படித்து முடித்த நிரஞ்சனா வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். தெய்வானையும் பார்த்தாள். வலது பக்கம், அவள் ஆறு தடவை உதைத்த கதவு. அதற்குள்ளே வெறும் இருக்கை. ஸ்டீயரிங் அந்தப் பக்கம், ஆறுச்சாமி வீட்டைப் பார்த்து, மூடிய கதவுக்குப் பின்னால்.

இந்த நாட்டில் டிரைவர் என்றால் வலது பக்கம். எழுதின ஏட்டய்யாவுக்கும் வலது பக்கம், வாதாடின வக்கீலுக்கும் வலது பக்கம், தீர்ப்புச் சொன்ன நீதிபதிக்கும் வலது பக்கம். மில் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங் இடது பக்கம் என்று கோணல் வண்டி, கோணல் வண்டி என்று ஊரே கேலி பேசியிருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் பெரிய முதலாளி அவர்கள் குடியிருந்த பழைய குடிசைக்கே வந்தது இப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அப்பனின் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். அப்பன் மெதுவாக ஏதோ சொன்னார். முதலாளி தன்னை ஆசீர்வாதம் பண்ணினார் என்று பதினொரு வயதுப் பெண் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அது ஆசீர்வாதமில்லை, முதலாளி மகன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று மகள் தலைமேல் அடித்துச் செய்த சத்தியம், அதனால்தான் அப்பன் அவளிடம்கூடச் சொல்லவில்லை, அவள் சோற்றைத் தட்டில் வீசியபோதும் சொல்லவில்லை.

தெய்வானை கிரைண்டரில் பாதி அரைந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு வீதிக்கு வந்தாள். நாற்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆறுச்சாமி, வெளிய வா. உன்ற அம்மா எப்படிச் செத்தான்னு கேளு."

அவன் வந்தான். நிரஞ்சனா இரண்டாம் தடவை படித்தாள். தண்ணீர் என்று வந்த இடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். குழாயடிப் பெண்கள் நெருங்கி வந்து நின்றார்கள். கேட்டு முடித்ததும் அவன் நடந்துபோய் இடது பக்கக் கதவின் கண்ணாடி வழியாக ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இந்தப் பக்கம் யாரு இருந்தா?" என்றான்.

"வேற யாரு இருப்பா, வண்டி யாருக்கு வாங்குனது?"

சொல்லி முடிப்பதற்குள் வலது பக்கக் கதவு திறந்தது. தெய்வானை இந்தத் தடவை உதைக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பன் உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையைக் காட்டி ஏறச் சொன்னதற்கு, "அந்தச் சீட்டுல நான் உக்காரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆறுச்சாமி தன் டிவிஎஸ் மொபட்டை எடுத்தான். பின்னால் நிரஞ்சனா கோப்போடு ஏறிக்கொண்டாள். கார் கிளம்பியது. வழிவிட்ட பெண்கள் குடங்களைப் பழையபடி வரிசையில் வைக்கவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திருச்சி ரோட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சுங்கம் சிக்னலில் கார் ஒழுங்காக நின்றது. அங்கே வைத்திருந்த போலீஸ் தடுப்பில் மெதுவாகச் செல்லவும் என்று எழுதி, கீழே இந்திரஜித் அறக்கட்டளை என்று அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா ஓட்டறது?"

"அதைக் கேக்கத்தானுங்க போறேன்" என்றாள் தெய்வானை. பச்சை விழுந்தது.

ரேஸ்கோர்ஸில் மரங்களுக்கு நடுவே இருந்த பெரிய பங்களா வாசலில் கார் நின்றது, பின்னாலேயே மொபட்டும். வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்து, காரைப் பார்த்ததும் உள்ளே ஓடினான். இந்திரஜித் வெளியே வந்தார். அறுபத்தொன்பது வயது, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், குளித்துவிட்டுப் பூஜைக்குப் போகிற முகம். காரை அடையாளம் தெரிந்தது. இறங்கி நின்ற பெண்ணைத் தெரியவில்லை.

"மருதாசலம் மகளுங்க" என்றாள்.

"அப்படியா. நல்ல மனுஷன். அப்பா அவருக்கு வீடெல்லாம் குடுத்தாரே. என்னம்மா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. இவன் ராமாத்தாள் மகன். அன்னைக்கு எங்கப்பன் வலது பக்கமா எறங்கினாரு. நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்கன்னு இவன்கிட்டச் சொன்னாப் போதும்."

அவர் ஆறுச்சாமியைப் பார்த்தார், கோப்பை நெஞ்சோடு வைத்திருந்த பெண்ணைப் பார்த்தார், காரின் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது. பிறகு, நிறையக் கூட்டங்களில் பேசிப் பழகினவர் என்பதால், ஒரு வழி கண்டுபிடித்துச் சிரித்தார்.

"இத பாரும்மா. இந்த வண்டி தானா ஓடும்னு ஊருக்கே தெரியும். ஆறு தடவை உங்க வீதிக்கே ஆளில்லாம வந்திருக்கு. இப்பக்கூட யாரு ஓட்டிட்டு வந்தா? அன்னைக்கும் அது தானாத்தான் ஓடியிருக்கும். யாரைக் குத்தம் சொல்ல முடியும்? உங்கப்பாவும் ஓட்டல, நானும் ஓட்டல. விடுங்க, பாவம், பழைய கதை."

தெய்வானை காரைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு தடவை அந்த வண்டி வந்து வாசலில் நின்று கதவைத் திறந்து காட்டிய அதிசயத்தை, வீதி பொட்டு வைத்து வடகம் காயப்போட்டு வழக்கமாக்கிக்கொண்ட அதிசயத்தை, இந்த ஆள் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தன் வக்கீலாக வைத்துக்கொண்டுவிட்டான்.

"தானா ஓடற வண்டி, செத்தவ தலையை மடியில வெச்சுத் தண்ணி கேக்குமாடா?" என்றாள். மரியாதை அவள் வாயிலிருந்து அத்தோடு போயிற்று. "எங்கப்பன் எறங்கினாரு. நீ எறங்கினியா? எங்கப்பன் தண்ணி கேட்டப்ப நீ எங்கடா இருந்த?"

அப்போதுதான் இடது பக்கக் கதவு திறந்தது. ஆறு தடவை வந்தும் சங்குமேட்டு வீதியில் ஒரு தடவைகூடத் தானாகத் திறக்காத கதவு, இந்திரஜித் வீட்டு வாசலைப் பார்த்து அகலமாகத் திறந்து, அவர் இறங்கக் காத்திருக்கிற மாதிரி நின்றது. இந்திரஜித் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். கேட் மூடியது.

கார் அங்கேயே நின்றது. பம்பாய்க்காரர் அனுப்பிய கிரேனால் அதைத் தூக்க முடியவில்லை. அவரே வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கதவை ஆறு பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்தும் சாத்த முடியவில்லை. இந்திரஜித் பின்பக்கச் சுவரை இடித்து இன்னொரு கேட் வைத்தார். மறுநாள் காலை கார் அங்கே நின்றது, இடது பக்கக் கதவு திறந்தபடி. ரேஸ்கோர்ஸில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு அது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. கதவு வரைக்கும் ஒரு சுற்று, கதவிலிருந்து ஒரு சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வழியாகப் போகிற ஒவ்வொருவரும் யார் இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் போனார்கள். தடுப்புகளிலிருந்து அறக்கட்டளையின் பெயரைப் போலீஸ்காரர்கள் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். அவர் தானாக ஒரு வார்த்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளப் போவதும் இல்லை.

நிரஞ்சனா எழுதிய வரலாற்றைக் கம்பெனி வெட்டி அச்சிட்டது. வெட்டாத பக்கத்தை அவள் தபாலில் அனுப்பினாள். மில் உரிமையாளர் காலம் என்று தொடங்கும் பத்தியில், ஓட்டியவர் உரிமையாளரின் மகன் இந்திரஜித், வலது இருக்கையில் இருந்தவர் மருதாசலம், இறங்கியவர் அவர் ஒருவரே என்று இருந்தது. வலது பக்கக் கதவு ஒடுக்குக்குக் காரணம், அவருடைய மகள், தெரியாமல் செய்தது என்றும் இருந்தது. தெய்வானை அதை லேமினேட் பண்ணி மாவுக் கடை வாசலில் மாட்டினாள். மாவு வாங்க வந்தவர்கள் படித்தார்கள். சிலர் அவளிடம் வருத்தப்பட்டுப் பேச ஆரம்பித்தார்கள். "இப்பச் சொல்லி என்ன பண்றது, மாவு எத்தனை கிலோ வேணும்" என்பாள்.

அடுத்த முறை தண்ணீர் வந்த நாளில் அவள் கதவைத் திறந்தபோது, படியில் இரண்டு குடம் நிரம்பி நின்றன. வீதிக்கு அந்தப் பக்கம் ஆறுச்சாமி நின்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்திருப்பான், கால் நகரவில்லை போலிருக்கிறது.

தெய்வானை குடங்களைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் வீதி நடுவில் உருண்ட காலிக் குடங்களும், அதைப் பொறுக்கக் குனிந்த அப்பனின் முதுகும் கண்முன் வந்தன. முதல் குடத்தை எடுத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாக்கடையில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தை வீதி நடுவில் உருட்டி விட்டாள்.

ஆறுச்சாமி வந்து, குனிந்து, அதைப் பொறுக்கினான்.

இரண்டாவது குடத்தைத் தெய்வானை இடுப்பில் வைத்து உள்ளே தூக்கிப்போனாள். அன்றைய மாவு அந்தத் தண்ணீரில் அரைந்தது.